கரும்புகையும் கணக்கேடும்

பங்குதாரர்களின் வீட்டுக்கு ஆண்டுதோறும் தபாலில் வந்துகொண்டிருந்த கம்பெனி ஆண்டறிக்கையை, லாப நஷ்டக் கணக்கையும் டிவிடெண்ட் விகிதத்தையும் பார்த்த மாத்திரத்தில் மூடி, பழைய பேப்பர்க்காரரின் தராசுக்கென்று ஒதுக்கி வைத்துவிடுவதே நம்மில் பெரும்பாலோரின் வழக்கமாக இருந்து வந்தது. அப்படி ஒதுக்கப்பட்ட புத்தகங்களில், 1988-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின் அச்சான ஒன்றை எடுத்து, இயக்குநர்கள் அறிக்கையின் பின்னிணைப்பைப் புரட்டுகிறவர், யாரும் சீந்தாத ஓர் அட்டவணையை அங்கே காண்பார்: வாங்கிய மின்சாரம் இத்தனை யூனிட், அதற்குக் கொடுத்த தொகை இத்தனை லட்சம், யூனிட் ஒன்றின் விலை இவ்வளவு, சொந்த ஜெனரேட்டரில் உற்பத்தி செய்தது இத்தனை, நிலக்கரி இத்தனை டன், ஃபர்னஸ் ஆயில் இத்தனை கிலோலிட்டர், கடைசியாக, ஓர் அலகு சரக்கை உற்பத்தி செய்ய இவை ஒவ்வொன்றும் எவ்வளவு செலவாயிற்று என்ற கணக்கு, சென்ற ஆண்டின் கணக்கோடு அக்கம்பக்கமாக. 'ஏ' படிவம் என்று பெயர் கொண்ட இது எரிசக்திச் சிக்கனத்துக்காகச் சர்க்கார் கேட்ட விவரம்தான். ஆயினும் ஆலையின் புகைபோக்கிக்கும் பங்குதாரரின் லாபத்துக்கும் உள்ள சம்பந்தத்தை இவ்வளவு பிரத்தியட்சமாகக் காட்டிய பக்கம் அந்தப் புத்தகத்தில் வேறொன்றும் இல்லை. சரக்கு டன் ஒன்றுக்கு எரிந்த கரி குறைந்தால் புகையும் குறைகிறது, செலவும் குறைகிறது. இதற்குப் பெரிய சாஸ்திரம் எதுவும் தேவையில்லை.

சாஸ்திரம் தேவைப்படுவது அடுத்த படியில். கரியைக் கம்பெனி விலை கொடுத்து வாங்குகிறது. ஆகையால் அது கணக்கேட்டில் ஏறுகிறது. ஆற்றில் விடப்படும் கழிவுநீருக்கும் ஆகாயத்தில் கலக்கும் கந்தகப் புகைக்கும் கம்பெனி யாருக்கும் காசு கொடுப்பதில்லை. ஆகையால் அவற்றுக்குக் கணக்கேட்டில் வரி கிடையாது. அந்த இல்லாத வரியைக் கம்பெனி தானாகவோ, சட்டத்தின் கட்டாயத்தாலோ எழுதிப் பிரசுரம் செய்தால், அதன் பொருள்நிலை உயருமா, தாழுமா, அல்லது இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையா என்பதுதான், கணக்கியல் அறிஞர்கள் நாற்பது ஐம்பது ஆண்டுகளாக விடாமல் விவாதித்து வருகிற விஷயம்.

யுக்தியை மட்டும் கொண்டு இதற்கு விடை சொல்ல முயன்றவர்களை விரைவாகக் கடந்துவிடலாம். வியாபாரத்தின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதொன்றே என்று 1970 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் வார இதழில் எழுதிய மில்டன் ஃப்ரீட்மனின் கட்சிக்காரர்களுக்கு, இத்தகைய செலவெல்லாம் பங்குதாரரின் பையிலிருந்து எடுத்து வழங்கும் தானம். மாசு என்பது வீணாகிப்போன மூலப்பொருளே; அதைக் குறைக்க முனைகிற கம்பெனி புதிய உபாயங்களைக் கண்டுபிடித்துச் செலவையும் குறைத்துக்கொள்ளும் என்று 1995-இல் மைக்கேல் போர்ட்டரும் வான் டெர் லிண்டேயும் வாதித்தார்கள். தகவலைப் பற்றியே சிந்தித்த பொருளாதார வல்லுநர்கள் வேறொரு வழியாக வந்தார்கள்: நல்ல சரக்கு வைத்திருப்பவன் எல்லாம் அதைத் திறந்து காட்டிவிடுவான், ஆகவே வாயை மூடிக்கொண்டிருப்பவனிடம் இருப்பது மட்டமான சரக்கென்றே சந்தை முடிவு கட்டும், அதற்கு அஞ்சி ஒவ்வொருவராக எல்லோரும் வாய் திறப்பார்கள் என்று கிராஸ்மனும் மில்கிராமும் 1981-இல் எடுத்துக் காட்டினார்கள். தகவலை வெளியிடுவதற்கே ஒரு விலை உண்டு. போட்டியாளனும் வழக்கறிஞனும் அதைப் படிப்பார்கள். ஆகையால் மௌனம் எப்போதும் குற்ற ஒப்புதலாகாது என்று இரண்டே ஆண்டில் வெரெக்கியா அதற்கு ஒரு திருத்தம் சொன்னார். கேட்பதற்கு எல்லாமே நியாயமாகத்தான் இருக்கின்றன. எது நிஜம் என்று காட்டுவதற்கு ஒரு சம்பவம் வேண்டியிருந்தது. வந்த சம்பவம் நம் தேசத்தில், அதுவும் மிகக் கொடூரமாக நிகழ்ந்தது.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவைக் கடந்த வேளையில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த மீதைல் ஐசோசயனேட் வாயு, உறங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கொன்றது. அந்த மரணங்களையும், இன்றளவும் தீராத அந்த நோய்களையும் பங்கு விலையைக்கொண்டு அளப்பது அருவருப்பாகத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் ஆராய்ச்சியாளர்கள் அளந்தது போபாலின் துயரத்தை அன்று. அதைக் கேள்வியுற்ற அமெரிக்கப் பங்குச் சந்தையின் மனநிலையை. யூனியன் கார்பைடை விலக்கிவிட்டு, அதே ரசாயனத் தொழிலில் இருந்த வேறு 47 கம்பெனிகளின் பங்கு விலைகளை பிளாக்கோனியரும் பேட்டனும் பரிசீலித்து 1994-இல் வெளியிட்டார்கள். விபத்தில் எவ்வித சம்பந்தமும் இல்லாத அந்தக் கம்பெனிகளின் பங்குகளும் சரிந்தன. ரசாயன ஆலைகள்மீது புதிய சட்டங்கள் பாயும், செலவு கூடும் என்று சந்தை அஞ்சியதே காரணம். இதில் நம் விஷயத்துக்கு முக்கியமானது, எல்லாப் பங்குகளும் ஒரே அளவில் சரியவில்லை என்பது. விபத்துக்கு முன்பே தம் நிதியறிக்கைகளில் சுற்றுச்சூழலைப் பற்றி விரிவாக எழுதியிருந்த கம்பெனிகளின் சரிவு குறைவாக இருந்தது. வரப்போகும் சட்டச் செலவுக்கு இவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள் என்று அந்த எழுத்திலிருந்து சந்தை ஊகித்துக்கொண்டது போலும்.

கதை அதோடு நிற்கவில்லை. மறு ஆண்டே மேற்கு வர்ஜீனியாவில் இன்ஸ்டிட்யூட் என்னும் ஊரில் அதே கம்பெனியின் இன்னோர் ஆலையிலும் கசிவு ஏற்பட்டு, தங்கள் ஊரில் எந்த ஆலை எந்த விஷத்தை வைத்திருக்கிறது என்று அமெரிக்க ஜனங்கள் கேட்கத் தொடங்க, 1986-இல் அறியும் உரிமையை வழங்கும் சட்டம் ஒன்று அங்கே பிறந்தது. அதன்படி உற்பத்தி ஆலைகள், முந்நூறுக்கு மேற்பட்ட ரசாயனங்களில் ஒவ்வொன்றையும் எத்தனை பவுண்டு காற்றிலும் நீரிலும் நிலத்திலும் விட்டன என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்கவேண்டும். அக்கணக்கு எவர் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைக்கப்படும். 1989 ஜூனில் முதல் பட்டியல் வெளிவந்தது. தண்டனை இல்லை, அபராதம் இல்லை, வரம்பும் இல்லை; வெறும் எண்கள். அந்த எண்கள் வெளியான தினத்தில், பட்டியலில் இடம்பெற்ற பங்குச்சந்தைக் கம்பெனிகள் சராசரியாக 41 லட்சம் டாலர் சந்தை மதிப்பை இழந்தன என்று ஜேம்ஸ் ஹாமில்டன் 1995-இல் கணக்கிட்டார். இரண்டாண்டு கழித்து கோனரும் கோஹனும் அதைத் தொடர்ந்துபோய்ப் பார்த்தபோது, பங்கு விலை அதிகமாக விழுந்த கம்பெனிகளே பின்னாளில், தம்மையொத்த மற்றவற்றைவிட அதிகமாக நச்சு வெளியீட்டைக் குறைத்திருந்தன. இந்தத் துறையின் ஆராய்ச்சிகளில் எதை நம்புவது என்று என்னைக் கேட்டால், முதலில் இந்த இரண்டையும்தான் சொல்வேன். ஏனெனில் கம்பெனி தன்னைப்பற்றி என்ன எழுத விரும்பிற்று என்ற குழப்பம் இவற்றில் இல்லை; எழுதியே தீரவேண்டியிருந்த எண்கள், ஒரே தேதியில், எல்லோருக்கும் ஒன்றாக வெளியாயின.

விருப்பப்பட்டு எழுதும் எழுத்தின் சங்கதி வேறு. அதை எப்படி அளப்பது என்பதே முதல் சங்கடம். 1982-இல் ஜோன் வைஸ்மன் என்ற அம்மையார் ஒரு முறையைக் கையாண்டார்: பதினெட்டு விஷயங்களை வகுத்துக்கொண்டு, ஒன்றைப்பற்றி அளவோடு எண்ணிக் கூறியிருந்தால் மூன்று மதிப்பெண், எண்ணில்லாமல் ஆனால் கம்பெனியின் சொந்த விவரமாகக் கூறியிருந்தால் இரண்டு, பொதுப்படையாகக் கூறியிருந்தால் ஒன்று, கூறாவிட்டால் சுன்னம். பள்ளிக்கூட வாத்தியார் விடைத்தாள் திருத்துவது போன்ற இந்த முறை இன்றுவரை பலவித மாறுதல்களோடு வழங்கிவருகிறது. எஃகு, எண்ணெய், காகிதத் தொழில்களில் 26 கம்பெனிகளை இப்படித் திருத்திப் பார்த்த அவர் கண்டது, அறிக்கைகள் அரைகுறையானவை. அவற்றின் நீள அகலத்துக்கும் கம்பெனியின் உண்மை நடத்தைக்கும் யாதொரு பொருத்தமும் இல்லை என்பது. 1980-இல் இங்கிராமும் ஃப்ரேசியரும் கண்டதும் ஏறக்குறைய இதேதான். டென்னிஸ் பேட்டன் 2002-இல் 131 கம்பெனிகளை எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு படி மேலே போய், அதிகமாக நச்சை வெளியேற்றிய கம்பெனியே அதிகமாகச் சுற்றுச்சூழலைப் பற்றி எழுதியிருக்கிறது என்று காட்டினார். 1989-இல் அலாஸ்கா கடலில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபின், அந்தக் கம்பெனி மாத்திரமல்ல, மற்ற எண்ணெய்க் கம்பெனிகளும் தம் ஆண்டறிக்கைகளில் சுற்றுச்சூழல் பத்திகளைப் பெருக்கின என்று முன்பே கண்டவர் அவர். மடியில் கனம் இருப்பவன் வழியில் அஞ்சுகிறான். ஆண்டறிக்கையில் நீளமாகவும் எழுதுகிறான்.

இதற்கு நேர்மாறான முடிவோடு 2008-இல் கிளார்க்சனும் அவருடைய சகாக்களும் வந்தார்கள். மிகுந்த மாசு உண்டாக்கும் ஐந்து தொழில்களிலிருந்து 191 கம்பெனிகளை ஆராய்ந்து, நல்ல நடத்தையுள்ள கம்பெனியே அதிகமாக வெளியிடுகிறது என்றார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இவர்கள் தயாரித்த அளவுகோல், மற்றவன் எளிதில் போலி செய்யமுடியாத திடமான விவரங்களுக்கு, அதாவது இத்தனை டன் வெளியீடு, இத்தனை செலவு, இன்னாருடைய தணிக்கை என்பவற்றுக்கு, பெரும் பங்கு மதிப்பெண் அளித்தது. 'இயற்கையைப் பேணுவது எமது பரம்பரைப் பண்பு' என்பது போன்ற மெல்லிய வாசகங்களுக்குக் கொஞ்சமே அளித்தது. எண்ணைக் கேட்டால் யோக்கியன் முன்வருகிறான். வாசகத்தை ஏற்றுக்கொண்டால் எல்லோரும் முன்வருகிறார்கள். இருபது ஆண்டுக்கு மேல் நீடித்த ஒரு சச்சரவின் பெரும்பகுதி இந்த வித்தியாசத்தில் கரைந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

கரையாத பகுதி காரண காரியத்தைப் பற்றியது. வெளிப்படையாக எழுதும் கம்பெனி லாபகரமாகவும் இருக்கிறது என்று ஓர் ஆய்வு காட்டுமானால், எழுதியதால் லாபம் வந்ததா, லாபம் இருந்ததால் எழுத ஆள் வைத்துக்கொள்ள முடிந்ததா என்று அடுத்த கேள்வி எழுகிறது. பெரிய கம்பெனிக்குத் தனி அலுவலகம் உண்டு, ஆலோசகர் உண்டு, வழவழப்பான காகிதம் உண்டு. சின்னக் கம்பெனியின் கணக்கர் ஜி.எஸ்.டி. தாக்கல் முடிந்த களைப்பில் சென்ற ஆண்டு பத்தியையே மறுபடி ஒட்டிவிடுகிறார். 1985-லேயே உல்மன் இந்தத் துறையைக் கொள்கையைத் தேடி அலையும் புள்ளிவிவரங்கள் என்று வருணித்தார். நடத்தை, வெளியீடு, லாபம் மூன்றையும் ஒன்றையொன்று தீர்மானிப்பவையாகப் பாவித்து ஒரே சமயத்தில் அளந்த அல் துவைஜ்ரி முதலியோர் 2004-இல் மூன்றும் கூடியே செல்வதாகக் கண்டார்கள். நல்ல நிர்வாகம் என்ற ஒரே வேரிலிருந்து மூன்று கிளைகளும் கிளைத்திருக்கலாம் என்று அதற்குப் பொருள் கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆய்வுகளை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தவர்களும் உண்டு. 2015-இல் மூவர் சுமார் 2,200 ஆய்வுகளைத் திரட்டி, பத்தில் ஒன்பதில் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பால் பாதகம் காணப்படவில்லை என்றார்கள். முதலீட்டு ஆலோசகர்கள் அன்றுமுதல் இதை மந்திரமாக ஓதிவருகிறார்கள். 'பாதகமில்லை' என்பது 'லாபம்' என்று ஆகாது என்பதை ஓதுகிறவர்களில் பலர் சொல்வதில்லை.

மதிப்பெண்ணை நம்பி ஏமாந்ததற்கு ஓர் உதாரணம் போதும். 2015 செப்டம்பரில் டௌ ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு வோல்க்ஸ்வாகனை மோட்டார்த் தொழிலின் முன்னணிக் கம்பெனி என்று அறிவித்த சில நாட்களிலேயே, சோதனைச் சாலையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை அதன் டீசல் கார்களில் ஒளித்து வைத்திருந்ததாக அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. உலகெங்கும் ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். இரண்டே வர்த்தக தினங்களில் பங்கின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகம் போயிற்று. மதிப்பெண் இடும் ஸ்தாபனங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்பதை பெர்க், கோல்பெல், ரிகோபோன் ஆகியோர் 2022-இல் அளந்து வெளியிட்டார்கள்: ஆறு ஸ்தாபனங்களின் மதிப்பீடுகளுக்கிடையே இருந்த ஒப்புமை சராசரி 0.54. கடன் தரத்தை மதிப்பிடுகிறவர்களிடையே அது ஒன்றுக்கு மிக அருகில் நிற்பது.

சந்தை எண்களைப் படிக்கிறதா என்ற கேள்விக்கோ, ஆம் என்று துணிந்து சொல்லலாம். அமெரிக்காவின் ஐந்நூறு பெரிய கம்பெனிகளின் பட்டியலை 2006 முதல் 2008 வரை ஆராய்ந்த மாட்சுமுராவும் துணைவர்களும், கூடுதலாக வெளியேறும் கரியமில வாயு ஒவ்வோராயிரம் டன்னுக்கும் கம்பெனியின் மதிப்பு சராசரி 2,12,000 டாலர் குறைவதாகக் கணக்கிட்டார்கள். அதே சமயம், அளவை வெளியிட்ட கம்பெனிகளின் மதிப்பு, வெளியிடாத அத்தகைய கம்பெனிகளைவிட அதிகமாகவே இருந்தது. மாசுக்கு ஒரு தண்டம், மறைப்புக்கு இன்னொரு தண்டம் என்று சந்தை இரண்டு வகையாக விதித்தது போலாயிற்று. கிராஸ்மனும் மில்கிராமும் காகிதத்தில் போட்ட கணக்கு இவ்வளவு சுத்தமாக வேறெங்கும் மெய்ப்படவில்லை.

சட்டம் கட்டாயப்படுத்திய இடங்களில் என்ன ஆயிற்று? சீனாவில் 2008-இல் ஷாங்காய், ஷென்ஜென் சந்தைகளைச் சேர்ந்த குறிப்பிட்ட கம்பெனிகள் சமூகப் பொறுப்பு அறிக்கை வெளியிட்டாகவேண்டும் என்று விதி வந்தபின், அக்கம்பெனிகளின் லாபம் குறைந்தது; அவை மிகுதியாக இருந்த நகரங்களில் கழிவுநீரும் கந்தகப் புகையும் குறைந்தன. பிரிட்டனில் 2013 முதல் சந்தைக் கம்பெனிகள் கரிம வெளியீட்டை ஆண்டறிக்கையில் எழுதியாகவேண்டும் என்றானபின், வெளியீடு சுமார் 8 சதவீதம் குறைந்தது. மொத்த லாப விகிதத்தில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. முதலாவதில் பங்குதாரர் கொஞ்சம் இழந்தார், ஊரார் சுவாசித்தார்கள். இரண்டாவதில் ஒருவரும் பெரிதாக இழக்கவில்லை. 'வெளியீடு லாபம் தருமா' என்று மட்டும் கேட்கிற ஆய்வாளர், முதலாவதைத் தோல்வி என்று எழுதிவிடக்கூடும். கேள்வியை அவ்வளவு குறுக்கிக் கேட்பதே பிழை என்று நான் கருதுகிறேன்.

நம் தேசத்தில் இந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய விவரம் இல்லாமலில்லை. அது இருந்த இடம்தான் விசித்திரம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற ஒவ்வோர் ஆலையும், மார்ச் 31-இல் முடியும் ஆண்டுக்கான சுற்றுச்சூழல் அறிக்கையை செப்டம்பர் 30-க்குள் ஐந்தாம் படிவத்தில் வாரியத்துக்குக் கொடுக்கவேண்டும் என்று தொண்ணூறுகளின் தொடக்கம் முதலே விதி இருக்கிறது. தண்ணீர், மூலப்பொருள், வெளியேறிய மாசு, அபாயக் கழிவு என்று வரிசையாகப் போகும் அந்தப் படிவத்தில், மாசுக் கட்டுப்பாட்டு நடவடிக்கைகளால் இயற்கை வளம் எவ்வளவு மிச்சமாயிற்று, அதனால் உற்பத்திச் செலவில் என்ன மாற்றம் ஏற்பட்டது என்றும் ஒரு பகுதி கேட்கிறது. அமெரிக்கப் பேராசிரியர்கள் அரை நூற்றாண்டாகப் புள்ளிவிவர வித்தைகளால் ஊகிக்க முயன்ற விடையை, நம் சர்க்கார் படிவத்தில் ஒரு கட்டம் போட்டு நேராகவே கேட்டுவிட்டது! கேட்டது சரி, பூர்த்தியான படிவங்கள் வாரியத்தின் கோப்புகளில் தங்கினவேயன்றி, பங்குதாரரின் கைக்கு வரவில்லை. வந்த ஒரு சந்தர்ப்பத்தில், அதாவது டெல்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் காகிதம், மோட்டார், குளோர்-ஆல்கலித் தொழில்களின் ஆலைகளைத் தரப்படுத்திப் பகிரங்கமாக வெளியிட்டபோது, தாழ்ந்த தரம் பெற்ற கம்பெனிகளின் பங்குகள் எதிர்பார்ப்புக்குக் கீழே 30 சதவீதம் வரை வீழ்ந்ததாக ஸ்ரீகாந்த் குப்தாவும் பிஸ்வநாத் கோல்தாரும் 2005-இல் காட்டினார்கள். இந்தியச் சந்தைக்கு இதிலெல்லாம் சிரத்தையில்லை என்று சொல்வோர் இதற்குப் பதில் சொல்லவேண்டும்.

செபி 2012-இல் முதல் நூறு கம்பெனிகளுக்கு வியாபாரப் பொறுப்பு அறிக்கையை விதித்து, பிறகு ஐந்நூறு, ஆயிரம் என்று வட்டத்தை விரித்து, 2021-இல் அதை பி.ஆர்.எஸ்.ஆர். என்ற புதிய உருவத்துக்கு மாற்றி, 2022-23 முதல் ஆயிரம் கம்பெனிகளுக்கும் கட்டாயமாக்கியது. பழைய அறிக்கை பெரும்பாலும் 'ஆம்', 'இல்லை' என்ற விடைகளாலும் வாசகங்களாலும் ஆனது. புதியது எண்களைக் கேட்கிறது. ஒன்பது கோட்பாடுகளில் ஆறாவதான சுற்றுச்சூழல் பகுதியின் தண்ணீர் அட்டவணையில் ஆறு ஏரி முதலிய மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர், பிறரிடம் வாங்கிய நீர், கடல்நீர் ஆகிய ஒவ்வொன்றும் கிலோலிட்டரில். அடியில், ஒரு ரூபாய் விற்பனைக்குச் செலவான தண்ணீர். பழைய 'ஏ' படிவத்தின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம்.

இந்தப் பேரப்பிள்ளைக்கும் கண்ணுக்குத் தெரியாத இடம் ஒன்று உண்டு. அதைத் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே விவசாயிகளுக்குச் சாபமாகி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, அவற்றில் பெரும்பாலானவை ஜாப் ஒர்க் செய்யும் சின்னப் பட்டறைகள். பங்குச் சந்தையின் வாசலையே அறியாதவை. அவற்றிடம் துணியைக் கொடுத்து நனைத்து வாங்கும் பெரிய கம்பெனி, தன் சுற்றுச்சுவருக்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறவில்லை என்று சத்தியமாகவே எழுதமுடியும். சரக்கு தருவோரையும் பெறுவோரையும் கணக்கில் சேர்க்கும் ஏற்பாட்டை 2023-இல் அறிவித்த செபி, 2025-இல் அதை விருப்பத்துக்கு விட்டுவிட்டது. வெளியார் தணிக்கை என்றிருந்த இடத்தில் 'மதிப்பீடு அல்லது தணிக்கை' என்று ஒரு நெகிழ்வும் செய்தது. தொழிலதிபர்களின் சிரமத்தை உத்தேசித்த இச்சலுகைகளில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சந்தை எதைப் படித்து விலை வைக்கிறதோ அந்த எண்ணின் நம்பகத்தைத்தான் இவை தொட்டிருக்கின்றன.

ஆண்டறிக்கை இப்போது பெரும்பாலோருக்குத் தபாலில் வருவதில்லை. கம்பெனியின் தளத்திலும் பங்குச் சந்தைகளின் தளங்களிலும் எவரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். மேற்சொன்ன தண்ணீர் அட்டவணையின் கீழே ஒரு சின்னக் குறிப்பு இருக்கும்: இவ்விவரத்தை வெளி ஸ்தாபனம் ஏதேனும் மதிப்பிட்டோ தணிக்கை செய்தோ இருக்கிறதா, ஆம் எனில் அதன் பெயர் என்ன. ஒரு கம்பெனியில் பத்துப் பங்கே வைத்திருப்பவரானாலும், தலைவரின் முகவுரையைப் படிப்பதற்கு முன் அந்தக் குறிப்புக்குப் போய், அங்கே 'ஆம்' என்று இருக்கிறதா, 'இல்லை' என்று இருக்கிறதா என்று பார்த்துவிடும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.